அம்மா போட்ட கணக்கு

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்திட்டத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ ‘சரிக்கா, சரிக்கா’ என்று சொல்லிக்கொண்டே விடைத்தாள் திருத்துவாய். முப்பது வருஷமாக உன்னைத் தெரியும். அதனால்தான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியடு ஊடகக் கல்வி எடுக்கச் சொல்லி எச்.எம். உன் தலையில் கட்டிவிட்டதாகச் சலித்துக்கொண்டாய். சலிப்பெல்லாம் பேச்சோடு சரி. திட்டத்தைப் பார்த்தால் ராத்திரி கண்விழித்து எழுதியிருப்பது தெரிகிறது. பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பத்து வழி, ஒரு படம் முதன்முதலில் எங்கே வந்தது என்று கூகுளில் தேடிப் பார்ப்பது, யார் எழுதியது என்றே தெரியாததை அடுத்தவருக்குத் தள்ளாமல் இருப்பது எல்லாம் சரி. எனக்கு உறுத்தியது தலைப்பும் முதல் உதாரணமும். தலைப்பு ‘ஏமாறாதீர்கள்’. முதல் உதாரணம் நம் அம்மா.

பேர் போடவில்லைதான். ‘படித்தவர் வீட்டில் இருந்தும் ஒரு வாய்ஸ் மெசேஜை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, கால் விரலை இழந்த மூதாட்டி’ என்று எழுதியிருக்கிறாய். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது யார் என்று தெரியாதா? அதைக்கூட விடு. அம்மா ஏமாறவில்லை, தம்பி. அம்மா ஒரு கணக்குப் போட்டாள், அது தப்பிப்போயிற்று. ஏமாந்தவளுக்குச் சொல்லும் பாடம் வேறு, கணக்கில் தப்பியவளுக்குச் சொல்லும் பாடம் வேறு.

விரலை எடுத்த மறுநாள் நீ டீ வாங்கக் கீழே போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். திட்டுகிற குரலில் கேட்காததால் பதில் வந்தது என்று நினைக்கிறேன். “அந்தப் பய எடுத்ததும் ‘அம்மா, நல்லா இருக்கீங்களாம்மா’ன்னுதான் ஆரம்பிக்கான். எனக்குன்னே பேசுன மாதிரி இருந்துச்சு” என்றாள். அதற்காகவா நம்பினாய் என்றேன். “அவன் சொன்னதுக்காவ இல்லடீ. எதுத்த வீட்டுக்காரி இருவது வருசமா வேளை தவறாம மாத்திரை தின்னா. அவளுக்குத்தான கிட்னி போச்சு? மேலத்தெருக் கிழவி ஒத்த மாத்திரை தின்னதில்ல. எம்பதைத் தாண்டியும் வெறகு பொறுக்கிட்டு வாரா. நான் கண்ணால பாத்ததத்தான நம்புனேன்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் பொதுச் சுகாதாரத் துறையில் பட்டமேற்படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் நான் எடுக்கும் பாடம் இது. மாத்திரை சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று இரண்டு பேரை எடுத்து, முடிவை ஒப்பிட்டிருக்கிறாள் அம்மா. ஆராய்ச்சியும் அதைத்தான் செய்கிறது. எதிர்த்த வீட்டு அத்தை இருபது வருஷம் மாத்திரை தின்றதே சர்க்கரை முற்றியிருந்ததால்தான், அந்தச் சர்க்கரைதான் கிட்னியைத் தின்றது, மேலத்தெருப் பாட்டிக்குச் சர்க்கரையே கிடையாது. சமமில்லாத இரண்டு பேரை ஒரே தராசில் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். இதே தப்பைக் கோட்டும் டையும் போட்ட ஆட்கள் டிவியில் உட்கார்ந்து தினமும் செய்கிறார்கள். அவர்களை யாரும் மூதாட்டி என்று எழுதுவதில்லை.

மாத்திரை வாங்கும் நாளையும் கொஞ்சம் நினைத்துப்பார். காலை ஏழு மணிப் பேருந்தை விட்டால் ஒன்பதரைக்குத்தான் அடுத்தது. ஓ.பி. சீட்டு, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் குத்த ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. டாக்டர் முன்னால் நிற்பது ஒரு நிமிஷம். அந்த டாக்டரைக் குறை சொல்லி என்ன, அவர் பின்னால் இன்னும் நூறு பேர். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய காலத்தில் நிரப்பிய சட்டம் ஒன்றுக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்கிய மனுஷி அவள். ஒரு நாளை இழப்பது என்றால் என்ன என்று அந்த விரல்களுக்குத் தெரியும். வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு அவளை விடவில்லை. வாய்ஸ் மெசேஜில் வந்த குரலோ ஏழு நிமிஷம் அவளோடு நின்று பேசியது.

1971இல் ஜூலியன் ட்யூடர் ஹார்ட் என்ற டாக்டர் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது, மருத்துவம் சந்தைச் சரக்காக ஆக ஆக இது இன்னும் மோசமாகிறது என்று சொன்னார். அதற்குத் தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று பேர். வதந்திக்கு அப்படி ஒரு விதி யாரும் எழுதியிருக்கிறார்களா தெரியாது. நான் பார்த்தவரை, டாக்டர் நின்று பேசாத இடத்தில்தான் அது நின்று பேசுகிறது.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்பாய். உகாண்டாவில் ஒரு காரியம் செய்தார்கள். அதை உனக்கு விரிவாகச் சொல்கிறேன், உன் வேலைக்கு நேராகப் பயன்படும்.

கம்பாலாவில் மக்கரேரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் என்சங்கி, டேனியல் செமகூலா ஆகியோரும், நார்வேயிலிருந்து ஆண்டி ஆக்ஸ்மன் என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2016இல் செய்தது. நடு உகாண்டாவில் 120 தொடக்கப் பள்ளிகள், ஐந்தாம் வகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிப் பாதிப் பள்ளிகளைத் தேர்ந்து, அங்கே மட்டும் ஒரு பருவத்தில் ஒன்பது பாடம் எடுத்தார்கள். படக்கதை மாதிரிப் புத்தகம். தீக்காயத்தில் மாட்டுச் சாணம் பூசினால் ஆறுமா என்று அதில் ஒரு பேச்சு வரும். நம் பாட்டி இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்திருப்பாள். இது பொய், இது மெய் என்று அவர்கள் பட்டியல் கொடுக்கவில்லை. இன்னது செய்தால் இன்ன நோய் தீரும் என்று யாராவது சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எதோடு ஒப்பிட்டாய்? ஒப்பிட்ட இரண்டு கூட்டமும் ஒரே மாதிரியா? எத்தனை பேரைப் பார்த்தாய்? ஒருத்தருக்கு நடந்ததை வைத்து ஊருக்கே சொல்கிறாயா? நல்லதைச் சொன்னாயே, கெடுதல் என்ன?

பருவ முடிவில் 24 கேள்விப் பரீட்சை. பாடம் நடந்த பள்ளிகளில் 69 சதவீதம் பேர் தேறினார்கள், நடக்காத பள்ளிகளில் 27 சதவீதம். ஒரு வருஷம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாவது கேள்வி ஒன்றுதான். ஒப்பிட்ட இரண்டு பேரும் ஒரே மாதிரியா? கையில் தராசு இருந்தது, தட்டைச் சமன் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

பெற்றோர்களுக்கும் அதே விஷயத்தை ஒலிப்பதிவுகளாகக் கேட்க வைத்துப் பார்த்தார்கள். முதலில் நல்ல பலன். வருஷம் ஒன்று போனதும் பெருமளவு தேய்ந்துவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டு ஓடிவந்தால் போதாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தட்டைச் சமன் பார்ப்பதற்கு உன் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற கதை ஒன்று வைத்திருக்கிறேன். லண்டன் மாடிப் பேருந்துக் கதை. ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் 1953இல் எழுதியது. ஒரே பேருந்தில் வேலை செய்கிற டிரைவருக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது, கண்டக்டருக்குக் குறைவாக வருகிறது. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். நடந்தால் இருதயத்துக்கு நல்லது என்று இன்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சின் வேர்களில் ஒன்று இந்தப் பேருந்துப் படிக்கட்டு. இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. மோரிஸ் அதோடு நிறுத்தவில்லை. ஒருவேளை வேலைக்குச் சேரும்போதே டிரைவர்கள் பருமனோ என்று அவருக்குச் சந்தேகம். அளந்து பார்க்க எல்லாரையும் கூப்பிட முடியுமா? நிறுவனம் தைத்துக்கொடுத்த யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். கால்சட்டையின் இடுப்புச் சுற்றளவு. சின்ன வயதிலேயே டிரைவர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது! தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டு 1956இல் அதையும் எழுதினார். பிறகு ஒல்லியானவரை ஒல்லியானவரோடும் பருமனானவரைப் பருமனானவரோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் கண்டக்டர்தான் பிழைத்தார். கால்சட்டையை வைத்து ஆராய்ச்சி செய்த மனுஷன் என்று சொல்லிப்பார், வகுப்பு சிரிக்கும். பிறகு மறக்காது. நம்மூரில் கண்டக்டர் மாடி ஏறுவதில்லையே சார் என்று யாராவது கேட்டால் அவனுக்கு ஒரு மிட்டாய் கொடு.

இந்த மோரிஸ் வேறு ஒரு இடத்திலும் வருகிறார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

பிரிட்டனில் 1948 முதல் எல்லாருக்கும் இலவச மருத்துவம். ஏழையும் பணக்காரனும் ஒரே டாக்டரிடம் போகலாம் என்றான பிறகு ஆயுசும் சமமாக வேண்டும் அல்லவா? ஆயிற்றா என்று பார்க்க 1977இல் அரசு ஒரு குழு போட்டது. தலைவர் சர் டக்ளஸ் பிளாக். குழுவில் மோரிஸ், சமூகவியல் பேராசிரியர் பீட்டர் டவுன்ஸெண்ட், சிரில் ஸ்மித். மூன்று வருஷம் உழைத்து அவர்கள் கண்டது இது: பயிற்சி தேவைப்படாத கூலிவேலை செய்யும் குடும்பங்களில், டாக்டர், வக்கீல் போன்ற தொழில் செய்யும் குடும்பங்களைவிட இறப்பு விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இடைவெளி சுருங்கவும் இல்லை. காரணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீட்டிலும் கூலியிலும் வேலையிலும் கிடந்தது. குழந்தைகளுக்கு உதவித்தொகை, பள்ளிச் சாப்பாடு, நல்ல வீடு என்று பரிந்துரைத்தார்கள்.

அதற்குள் ஆட்சி மாறி தாட்சர் வந்துவிட்டார். 1980 ஆகஸ்டில் அறிக்கையை வெளியிட்ட விதத்தைக் கேள். தொடர் விடுமுறையை ஒட்டிய வாரம், ஊரே கடற்கரைக்குக் கிளம்பும் நேரம். அச்சடித்த புத்தகம் இல்லை, தட்டச்சுப் பிரதிகள் 260, அவ்வளவுதான். கூடவே அமைச்சர் பாட்ரிக் ஜென்கின் எழுதிய முன்னுரை. இதற்கெல்லாம் ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று அதிலேயே கைகழுவிவிட்டார். ஒரு வரிகூடப் பொய் இல்லை, தம்பி. யாரும் எதையும் திரிக்கவில்லை. உன் பத்து வழிகளையும் வைத்துச் சோதித்தால் எல்லாவற்றிலும் பாஸ் ஆகிவிடும். ஆனால் செய்தியைக் கொன்றாகிவிட்டது. கொல்ல நினைத்தவர்களுக்குக் கடைசியில் வாய்க்கவில்லை என்பது வேறு கதை. மறைக்கப் பார்த்தார்கள் என்பதே செய்தியாகி, 1982இல் பெங்குவின் அதைப் புத்தகமாகப் போட்டு, பாடப்புத்தகமாகவே ஆகிவிட்டது. 1987இல் மார்கரெட் வைட்ஹெட் எழுதிய அடுத்த அறிக்கைக்கும் இதே கூத்து. பத்திரிகையாளர் கூட்டத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். எழுதியவர்கள் பக்கத்தில் ஓர் அமைப்பின் அலுவலகத்தில் கூட்டத்தை நடத்திவிட்டார்கள். ரத்து செய்ததால்தான் அது தலைப்புச் செய்தி ஆனது.

அதனால்தான் ‘பொய்ச் செய்தி’ என்று மட்டும் பாடம் வைக்காதே என்கிறேன். செய்தியில் இருப்பது பொய்யா என்று பார்க்கிற கண் ஒன்று. எது வரவே இல்லை என்று பார்க்கிற கண் இன்னொன்று. ஒரு கண்ணைத் திறந்துவைத்து, இரண்டும் திறந்துவிட்டதாகப் பிள்ளைகளை நம்ப வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் பேப்பரில் உடல்நலப் பக்கத்தை ஒரு மாதம் சேர்த்து வை. வகுப்பில் பிரித்துக் கொடு. ‘நடங்கள், குறையுங்கள், தவிருங்கள்’ என்று படிப்பவரைப் பார்த்துச் சொல்லும் வரிகளைச் சிவப்பு மையில் கோடிடச் சொல். தண்ணீர், கூலி, வேலை நேரம், பேருந்து, வீடு, விலை பற்றிப் பேசும் வரிகளை நீல மையில் கோடிடச் சொல். நீலப் பேனா மை அப்படியே இருக்கும் என்று இப்போதே பந்தயம் கட்டுகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. பாதிக்கு மேல்! அந்தச் செய்தியோடு பெரும்பாலும் மாதுளம்பழப் படமும் பேரீச்சம்பழப் படமும்தான் வருகின்றன. அந்தப் பழம் கிலோ என்ன விலை, காலை ஷிப்டுக்கு ஓடுகிற பெண் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று படத்துக்குக் கீழே இருக்காது. அதை உன் வகுப்புப் பெண்பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். கேட்டுப்பார்.

இது ஏழைகளின் விஷயம் மட்டும்தானே என்று கடைசி பெஞ்சில் உட்காரும் உன் சக ஆசிரியர் யாராவது கேட்டால், லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹால் தெருவைப் பற்றிச் சொல். 1967இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச மருத்துவம், பட்டினி யாருக்கும் இல்லை. ஆனாலும் பதவிப் படிக்கட்டில் ஒரு படி இறங்கினால் சாவும் ஒரு படி ஏறியது. மைக்கேல் மார்மட் அதைப் பல வருஷம் துருவினார். புகை, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இருதய நோயில் இருந்த அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சியது. நம் தாலுகா ஆபீஸ் தாசில்தாரையும் தபேதாரையும் கண்முன்னால் கொண்டுவந்தால் உனக்கே விளங்கும்.

காரணத்தை விட்டுவிட்டு ஆளைக் குறை சொல்லும் செய்தியில் நானும் ஒரு தடவை மாட்டினேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில், பிள்ளைகளுக்கு ஏன் தடுப்பூசி தவறுகிறது என்று அம்மாக்களிடம் பேசினோம். புதன்கிழமை தடுப்பூசி, அன்றைக்கு மில்லில் லீவு கேட்டால் வருகைப்படி போகும், ஊசி போட்டால் ராத்திரி காய்ச்சல் வரும், மறுநாளும் வேலை போகும் என்றார்கள். பிறகு நடந்த ஒரு கூட்டத்தில் நான் அதைத்தான் சொன்னேன். மறுநாள் ஒரு பத்திரிகையில் வந்த தலைப்பு ‘விழிப்புணர்வு இல்லாத தாய்மார்கள்’. நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நீங்க சொன்னதெல்லாம் உள்ளே இருக்கு மேடம், தலைப்பு நான் வைக்கலை” என்றார். உள்ளே இருந்ததுதான். ஒன்பதாவது வரியில். ஒன்பதாவது வரிக்கு யார் போகிறார்கள்? அந்த ஊர்ப் பெண்கள் அடுத்த தடவை எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை.

2017 பிப்ரவரி உனக்கு ஞாபகம் இருக்கும். தட்டம்மை, ரூபெல்லா ஊசி. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊசியைப் பற்றி வதந்தி பரவி, காலையில் வகுப்பு நிறைய இருந்த பிள்ளைகள் பதினோரு மணிக்குள் பாதியானதும், கேட்டுக்கு வெளியே தாத்தாக்களும் அத்தைகளும் நின்றதும் நீ போனில் சொல்லிக் கொதித்தது என் காதில் இன்னும் இருக்கிறது. அதே ஊசிக்குக் கேரளாவிலும் அதே எதிர்ப்பு. கண்ணூரில் 2018இல் மாவட்ட நிர்வாகம் 150 அரசுப் பள்ளிகளில் வதந்தியை அடையாளம் காணும் பாடத்தையே கொண்டுவந்துவிட்டது. நல்ல வேலை. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று உன் பள்ளி வாசலில் நின்ற தாத்தா என்ன கேட்டார் என்று நீயே சொன்னாய்: “முன்னமே ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லக் கூடாதா சார்?” அவர் கேட்டதில் வதந்தி எங்கே இருக்கிறது?

இனி உன் வகுப்பைப் பற்றி ஒரு பயம். உகாண்டா கதையில் ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அந்தப் பாடத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பலன் இருந்தது. ஆனால் சரளமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன், எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. அதாவது இடைவெளியைக் குறைக்கப் போன பாடமே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவிட்டது. புதிது ஒன்றும் இல்லை. 1970இலேயே மினசோட்டாவில் டிச்சனர், டானஹூ, ஓலியன் என்று மூன்று பேர், ஊடகத்தில் தகவல் பெருகப் பெருகப் படித்தவர்கள் அதை முதலில் அள்ளிக்கொள்கிறார்கள், அதனால் அறிவில் உள்ள இடைவெளி அகலவே செய்கிறது என்று எழுதினார்கள். மழை எல்லாருக்கும் பெய்கிறது, ஓலை வீட்டில் அண்டா எத்தனை இருக்கும்?

உன் வகுப்பில் முன்வரிசையில் ஐந்தாறு பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் லேப்டாப் இருக்கும், அப்பா பேப்பர் வாங்குவார். பத்து வழிகளையும் அவர்கள் ஒரே பீரியடில் கப்பென்று பிடித்துவிடுவார்கள். நீயும் பாடம் ஓடுகிறது என்று மகிழ்ந்துபோவாய். யார் வீட்டு அம்மா நாளைக்கு மாத்திரையை நிறுத்தப் போகிறாளோ அந்தப் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அச்சடித்த தாளை நம்பாதே. வாய்ஸ் மெசேஜையே வகுப்பில் போட்டுக் கேள். காதால் கேட்டு வாயால் சொல்லட்டும். எழுத வேண்டாம். மெதுவாக வாசிக்கிற பிள்ளைகளை முதலில் பேசவிடு. மாத இறுதியில் பரீட்சை வைத்தால் வகுப்புச் சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாதே. கடைசி பத்துப் பேர் எங்கே நின்றார்கள், எங்கே வந்தார்கள் என்று மட்டும் குறித்து எனக்கு அனுப்பு.

கையெழுத்துப் பத்திரிகை போடப் போவதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். முதல் இதழுக்கு ‘எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு’ என்று ஒரு பக்கம் வை. எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எந்தப் பேருந்து, எத்தனை வரிசை, திரும்பி வர எத்தனை மணி, அன்றைக்கு என்ன கூலி போயிற்று. பிள்ளைகள் கூடப் போய்ப் பார்த்து எழுதட்டும். ஒரு எச்சரிக்கை: யார், என்ன நோய் என்று ஒரு இடத்திலும் வரக் கூடாது. நாங்கள் முதலில் படிக்கிற பாடம் அது, நீயும் கற்றுக் கொடு. அந்தப் பக்கத்தைத் தலைமை மருத்துவ அலுவலரிடம் மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். ஏழு மணிப் பேருந்துக்கும் ஓ.பி. நேரத்துக்கும் அரை மணி நேரம் பொருந்தவில்லை என்று ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிக் கொடுத்தால் யாருக்குக் கோபம் வரும்?

தலைப்பை மாற்று. ‘எதோடு ஒப்பிட்டாய்?’ என்று வைக்கலாம். இன்னும் நல்லதாக உனக்குத் தோன்றினால் அதையே வை. அம்மாவின் கதையை எடுத்துவிடு என்று சொல்ல மாட்டேன். அவளிடம் கேள். அவள் சம்மதித்தால் அவளையே ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிப்போ. எதிர்த்த வீட்டுக்காரியையும் மேலத்தெருக் கிழவியையும் வைத்துத் தான் போட்ட கணக்கை அவள் சொல்லட்டும். எங்கே தப்பியது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். அவளுக்கு அது பிடிக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். கட்டை அடுக்கும்போது மற்ற பெண்களுக்குக் கூலிக் கணக்குப் பார்த்துச் சொன்னவள்தானே.

அத்தான் நலம். சின்னவளிடம் அத்தை கேட்டதாகச் சொல்.

கடைசியாக ஒரு வேலை. அம்மாவுக்கு எம்.சி.ஆர். என்கிற மென்ரப்பர் செருப்பு இங்கே தைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய தாள் ஒன்றைத் தரையில் விரித்து, அவளை அதன்மேல் நிற்க வைத்து, இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இரண்டும் வேண்டும், வலது கால் விரல் போனபிறகு அகலம் மாறியிருக்கும். சாயங்காலத்தில் வரை, காலையில் வரைந்தால் வீக்கம் தெரியாமல் செருப்பு இறுகிவிடும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடி.

அன்புடன்,
அக்கா